நெருப்பை வெடி வைத்து அணைக்க முடியுமா?

பணத்துக்கு ஆள் பிடித்து உயிரைப் பணயம் வைக்கிற வேலைக்கு அனுப்பும் த்ரில்லர் படங்களில் ஒரு கதை திரும்பத் திரும்ப வரும். எங்கோ ஒரு எண்ணெய்க் கிணறு பற்றி எரிகிறது. அதை அணைக்க வெடிமருந்து வேண்டும். மருந்து வேறோர் ஊரில் கிடக்கிறது, நடுவில் குண்டும் குழியுமான மலைப்பாதை. கையில் காசில்லாத, எதற்கும் துணிந்த நான்கு பேரைக் கூப்பிட்டு இரண்டு லாரிகளைக் கொடுத்து அனுப்புகிறார்கள். 1953ல் வந்த 'தி வேஜஸ் ஆஃப் ஃபியர்' என்ற பிரெஞ்சுப் படம் இதற்கு முன்னோடி. ஜார்ஜ் அர்னோவின் நாவலை ஹென்றி ஜார்ஜ் க்ளூசோ படமாக்கினார். அதில் ஓட்டுநர்களுக்குப் பேசிய கூலி ஆளுக்கு 2,000 டாலர்.

படம் முடிந்ததும் யாராவது ஒருவர் கேட்காமல் இருக்கமாட்டார்: எரிகிற இடத்தில் வெடி வைத்தால் தீ இன்னும் பெரிதாகத்தானே ஆகும், எப்படி அணையும்? பக்கத்தில் இருப்பவரிடம் பதில் தயாராக இருக்கும். "வெடி அங்கே இருக்கிற ஆக்சிஜனை எல்லாம் ஒரே நொடியில் தின்றுவிடும். மூச்சு முட்டித் தீ செத்துவிடும்."

கேட்பதற்குக் கச்சிதமான விளக்கம். எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் பாதிக்கு மேல் தப்பு. உண்மையில் நடப்பது இதைவிட எளிமையானது, நாம் எல்லோரும் கையாலேயே, இல்லை, வாயாலேயே செய்து பார்த்தது.

மெழுகுவர்த்தியை ஊதும்போது என்ன ஆகிறது?

மெழுகுவர்த்தியை ஊதினால் அணைகிறது. ஊதும்போது நாம் ஆக்சிஜனை எடுத்துவிடுகிறோமா? இல்லை. நம் மூச்சுக்காற்றிலும் ஆக்சிஜன் நிறைய இருக்கிறது. புதிதாகக் காற்றைத்தான் கொண்டுபோய்க் கொட்டுகிறோம். ஆனாலும் அணைகிறது.

காரணம் இது. மெழுகுவர்த்தியில் எரிவது திரியும் இல்லை, கட்டி மெழுகும் இல்லை. மெழுகு உருகி, திரியில் ஏறி, ஆவியாகிறது. அந்த ஆவிதான் எரிகிறது. எரிபொருள் ஆவியும் காற்றும் சரியான அளவில் கலக்கும் ஒரு மெல்லிய இடத்தில் சுடர் உட்கார்ந்திருக்கிறது. அந்தச் சுடரின் சூடு கீழே இறங்கி அடுத்த மெழுகை ஆவியாக்குகிறது, மேலே வரும் புது ஆவியைப் பற்றவும் வைக்கிறது. தீ அணையாமல் எரிவதற்கு இந்தத் தொடர்ச்சிதான் ஆதாரம்.

லேசாக ஊதினால் சுடர் ஆடிவிட்டுத் திரும்ப நிமிரும். வெடுக்கென்று ஊதினால் சுடர் ஆவியை விட்டுத் தள்ளிப் போய்விடும். சுடர் ஒரு பக்கம், எரிபொருள் ஒரு பக்கம். தொடர்ச்சி அறுந்தது, அணைந்தது.

அணைந்த பிறகு திரியிலிருந்து வெள்ளைப் புகை ஒன்று நெளிந்து எழும், கவனித்திருப்பீர்கள். அது வெறும் புகை இல்லை, எரியாமல் போன மெழுகு ஆவி. அந்தப் புகையின் மேல்நுனியில் ஒரு தீக்குச்சியைக் காட்டினால், நெருப்பு புகை வழியாகவே கீழே ஓடி வந்து திரியைப் பற்றிக்கொள்ளும். இந்தக் கடைசி விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய்க் கிணற்றுக்காரர்களின் பயமே இதுதான்.

இதுவரை பார்த்தது: தீயை அணைக்க ஆக்சிஜனை எடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை. சுடரை எரிபொருளிடமிருந்து ஒரு கணம் பிரித்தாலும் போதும்.

எரியும் கிணறு

இனி பெரிய அளவுக்குப் போவோம். பூமிக்கடியில் சில கிலோமீட்டர் ஆழத்தில் பாறை இடுக்குகளில் எண்ணெயும் எரிவாயுவும் பயங்கர அழுத்தத்தில் அடைபட்டுக் கிடக்கின்றன. துளையிடும்போது அந்த அழுத்தத்தை மேலிருந்து கனமான சேற்றுக் குழம்பு ஒன்றை இறக்கி அமுக்கி வைப்பார்கள். அந்த அமுக்கம் தவறி, உள்ளே இருப்பது கட்டுப்பாடில்லாமல் பீறிட்டு வெளியே வந்தால் அதற்குப் பெயர் பிளோ-அவுட். அப்போது ஒரு பொறி கிடைத்தால் போதும். கல்லும் இரும்பும் உரசிய பொறியாகவோ, மணல் உரசியதால் உண்டான நிலைமின்சாரமாகவோ அது இருக்கலாம்.

அல்ஜீரியாவில், சகாரா பாலைவனத்தில், காஸி தூயில் என்ற இடத்தில் 1961 நவம்பரில் இதுதான் நடந்தது. எரிவாயுக் கிணறு ஒன்று வெடித்துப் பீறிட்டு, சில நாளில் பற்றிக்கொண்டது. சுடரின் உயரம் 140 மீட்டருக்கும் மேல். 'சாத்தானின் சிகரெட் லைட்டர்' என்று பெயர் வைத்தார்கள். அடுத்த பிப்ரவரியில் பூமியைச் சுற்றிவந்த விண்வெளி வீரர் ஜான் கிளென் கண்ணுக்கே அது தெரிந்தது.

இவ்வளவு பெரிய தீயை மெழுகுவர்த்தியோடு ஒப்பிடலாமா? தாராளமாக. இரண்டிலும் ஆவியாக வரும் எரிபொருள்தான் காற்றோடு கலந்து எரிகிறது. ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு, அது அணைக்க வருபவர்களுக்குச் சாதகமானது. கிணற்று வாயிலிருந்து வாயு அசுர வேகத்தில் கிளம்புகிறது. மீத்தேனும் காற்றும் கலந்த அமைதியான கலவையில் தீ நகரும் வேகம் நொடிக்கு அரை மீட்டர்கூட இல்லை. கலவை கொந்தளித்தால் அந்த வேகம் கூடும், ஆனாலும் குழாய் வாயில் பீறிடும் வாயுவோடு போட்டி போட முடியாது. அதனால் சுடரால் குழாய் வாயில் ஒட்டிக்கொண்டு எரிய முடிவதில்லை. கொஞ்சம் மேலே, வாயுவின் வேகம் தணிந்து காற்றும் தேவையான அளவு கலந்த உயரத்தில் போய் நிற்கிறது. அதாவது கிணற்று வாய்க்கும் சுடரின் அடிக்கும் நடுவில் ஓர் இடைவெளி. வாயு இருக்கிறது, தீ இல்லை.

வெடியை வைக்க வேண்டிய இடம் அந்தப் பக்கம்தான்.

வெடி செய்யும் வேலை

வெடிமருந்து வெடிக்கும்போது இரண்டு நடக்கின்றன. முதலில் அதிர்ச்சி அலை, அதாவது காற்றைச் சுவர்போல இறுக்கித் தள்ளிக்கொண்டு ஒலியை மிஞ்சிய வேகத்தில் ஓடும் அழுத்த அலை. அதன் பின்னாலேயே வெடித்ததில் பிறந்த வாயுக்களும் அவை தள்ளும் காற்றும் பெரும் சூறையாக வீசுகின்றன.

சுடரின் அடியில் இது நடக்கும்போது, மேலே போய்க்கொண்டிருக்கும் வாயுத்தாரை குறுக்கே வெட்டுப்பட்டதுபோல ஒரு கணம் அறுந்து சிதறுகிறது. வெட்டுக்கு மேலே இருக்கும் சுடர் வெளிப்பக்கமாகத் தூக்கி எறியப்படுகிறது. அங்கே மிச்சமிருந்த வாயு எரிந்து தீர்கிறது, அல்லது காற்று அளவுக்கு மீறிக் கலந்து எரியமுடியாமல் நீர்த்துப்போகிறது. கிணற்றிலிருந்து அடுத்த கணம் கிளம்பி வரும் புது வாயுவைப் பற்றவைக்க மேலே சுடர் இல்லை. வாயு சும்மா சீறிக்கொண்டு போகும், தீ இருக்காது.

மெழுகுவர்த்தியை வெடுக்கென்று ஊதியது போலவேதான். ஊதுகிற வாய் மட்டும் பெரிது.

அப்படியானால் ஆக்சிஜன் கதை முழுப் பொய்யா? முழுதும் இல்லை. வெடித்ததில் வரும் கரியமில வாயு, நைட்ரஜன், நீராவி எல்லாம் சுற்றியிருக்கும் காற்றைச் சற்று நேரம் தள்ளி வைக்கின்றன. அந்த அளவுக்கு ஆக்சிஜன் அங்கே குறைகிறது, அதுவும் உதவுகிறது. ஆனால் "தின்றுவிடுகிறது" என்பதுதான் இடிக்கிறது. வெடிமருந்தின் சிறப்பே அது எரிவதற்குக் காற்றை எதிர்பார்க்காமல் இருப்பது. தனக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தன் மூலக்கூறுக்குள்ளேயே சுமந்து வருகிறது. படங்களில் லாரியில் வரும் நைட்ரோகிளிசரினையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் நான்கு மூலக்கூறுகள் முழுமையாக வெடித்தால் 12 மூலக்கூறு கரியமில வாயு, 10 மூலக்கூறு நீராவி, 6 மூலக்கூறு நைட்ரஜன் வருகின்றன. இதெல்லாம் போக ஒரு மூலக்கூறு ஆக்சிஜன் மிச்சம் நிற்கிறது. ஆக்சிஜனைத் தின்னப் போன மருந்து கொஞ்சம் ஆக்சிஜனைப் போட்டுவிட்டு வருகிறது! எல்லா வெடிமருந்தும் இப்படி இல்லை. டிஎன்டிக்கு உள்ளிருப்பு போதாது, வெளியிலிருந்தும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். ஆனால் தீயை அணைப்பது இந்தக் கொடுக்கல் வாங்கல் இல்லை.

சுருக்கமாக: வெடி தீயைப் பட்டினி போடுவதில்லை, எரிபொருளைவிட்டு விரட்டுகிறது.

லாரி குலுங்கினால் ஏன் பயப்படுகிறார்கள்?

கிணற்றை விட்டுக் கொஞ்சம் லாரிப் பக்கம் வருவோம். அந்தப் படங்களின் பதற்றம் முழுக்க ஒவ்வொரு பள்ளத்திலும் சக்கரம் இறங்கும்போது வெடித்துவிடுமோ என்பதில்தான் இருக்கிறது. இது சினிமாவுக்காகக் கட்டிய கதை இல்லை.

நைட்ரோகிளிசரினை 1847ல் இத்தாலியின் டூரின் நகரில் அஸ்கானியோ சொப்ரேரோ முதலில் தயாரித்தார். எண்ணெய் போன்ற திரவம். பெட்ரோல் மாதிரி எரிபொருள்களுக்குக் காற்று வெளியே, எரிபொருள் உள்ளே. இரண்டும் சந்தித்தால்தான் தீ. இதிலோ எரிய வேண்டிய கார்பனும் எரிக்க வேண்டிய ஆக்சிஜனும் ஒரே மூலக்கூறில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. நடுவில் இருக்கும் வேதிப்பிணைப்பு பலவீனமானது. அதை உடைக்க ஒரு சின்னத் தூண்டுதல் போதும்.

குலுக்கல் எப்படித் தூண்டுதல் ஆகிறது? திரவத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத காற்றுக்குமிழிகள் இருக்கும். பாத்திரம் அடிபடும்போது அந்தக் குமிழிகள் சட்டென்று நசுங்குகின்றன. வாயுவைத் திடீரென்று நசுக்கினால் சூடேறும். அந்தக் குமிழி இருந்த மிகச்சிறிய இடத்தில் மட்டும் வெப்பநிலை பல நூறு டிகிரிக்குத் தாவுகிறது. இதைச் சூட்டுப்புள்ளி என்று சொல்லலாம். அங்கே வினை தொடங்கினால் போதும், மீதித் திரவத்துக்குள் நொடிக்கு 7 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் பாய்ந்துவிடும். ஓட்டுநர் பிரேக்கை மிதிக்க நினைக்கும் முன்பே எல்லாம் முடிந்திருக்கும்.

1864ல் ஸ்டாக்ஹோமில் நடந்த நைட்ரோகிளிசரின் விபத்தில் ஆல்ஃபிரட் நோபலின் தம்பி எமில் இறந்தார். மூன்று ஆண்டு கழித்து நோபல் கண்ட வழி, திரவத்தை ஒருவகை நுண்துளை மண்ணில் ஊறவைத்துவிடுவது. அதுதான் டைனமைட். குலுக்கினால் வெடிக்காது, டெட்டனேட்டர் வேண்டும். டெட்டனேட்டர் என்பது முதல் உதை கொடுக்கும் சின்ன வெடி. டைனமைட் வந்த பிறகு சுத்தத் திரவத்தை லாரியில் ஏற்றிக்கொண்டு மலையேற வேண்டிய அவசியம் பெரிதாக இல்லை. ஆனால் டைனமைட்டைச் சரியாகப் பராமரிக்காமல் நாள்பட வைத்தால் ஊறிய திரவம் மறுபடி வெளியே கசிந்து வியர்த்து நிற்கும். அப்போது பழைய ஆபத்து திரும்ப வந்துவிடும். இதே கதையை 1977ல் ஹாலிவுட்டில் 'சார்சரர்' என்ற பெயரில் எடுத்தபோது, லாரியில் ஏற்றியது இப்படிக் கசிந்த டைனமைட் பெட்டிகளைத்தான். விஷயம் தெரிந்து செய்த மாற்றம், எனக்குப் பிடித்தது.

நிஜத்தில் வேலை எப்படி நடக்கும்?

இந்த வேலைக்கென்றே கூலிக்கு வரும் நிபுணர்கள் நிஜத்திலும் உண்டு. படத்தில் வருவதுபோல வேறு வழியில்லாமல் வந்தவர்கள் இல்லை, வாழ்நாள் முழுக்க இதே தொழில். 1913ல் கலிபோர்னியாவின் டாஃப்ட் பகுதியில் கார்ல் கின்லி என்பவர் டைனமைட் வைத்து எரியும் கிணற்றை அணைத்தார். அவர் மகன் மைரன் கின்லி அதையே தொழிலாக்கினார். ருமேனியாவின் மொரேனியில் 1929ல் பற்றி இரண்டு ஆண்டுகளுக்கு மேல் எரிந்த கிணற்றை அணைத்தவர் அவர்தான். அவரிடம் தொழில் பழகியவர் டெக்சாஸ்காரர் ரெட் அடேர். 1959ல் தனிக் கம்பெனி தொடங்கினார். சகாராவின் சாத்தான் லைட்டரை அணைக்கக் கூப்பிட்டது இவரைத்தான்.

படத்தில் லாரி போய்ச் சேர்ந்தால் கதை முடிந்தது. இவர்களுக்கோ அதற்கு முன்னும் பின்னும்தான் வேலை. காஸி தூயிலில் வெடி வைக்கும் நாள் வருவதற்குள் பல மாதம் போனது. பாலைவனத்தில் தண்ணீருக்காகக் கிணறு தோண்டி, குளம் வெட்டி, பம்பு பூட்ட வேண்டியிருந்தது.

எதற்குத் தண்ணீர்? தீயை அணைக்க அல்ல, சுற்றுப்புறத்தைக் குளிர்விக்க. மெழுகுவர்த்தியின் வெள்ளைப் புகை ஞாபகம் இருக்கிறதல்லவா? வெடி சுடரைப் பறக்கடித்துவிடும், ஆனால் பழுக்கக் காய்ந்த ஓர் இரும்புத் துண்டு பக்கத்தில் கிடந்தால் அடுத்த நொடியே வாயு திரும்பப் பற்றிக்கொள்ளும். வெடித்த நேரமும் வீண், வைத்த ஆளின் உயிரும் அந்தரத்தில். ஆகவே முதலில் இடிந்து உருகிக் கிடக்கும் ரிக்கின், அதாவது துளையிடும் கோபுரத்தின் இரும்பை எல்லாம் நீளமான கொக்கிக் கையுள்ள வண்டியால் இழுத்து அகற்றுவார்கள். தகரத் தடுப்புக்குப் பின்னால் பதுங்கியபடி, தலைமேல் ஓயாமல் தண்ணீர் கொட்டிக்கொண்டிருக்க இந்த வேலை நடக்கும். பிறகு தரையையும் குழாயையும் மணிக்கணக்கில் நனைத்துக் குளிர்விப்பார்கள்.

அப்புறம்தான் வெடி. இரும்பு டிரம் ஒன்றில் மருந்தை நிரப்பி, சூடு ஏறாமல் மேலே காப்புச் சுற்று சுற்றுவார்கள். அந்தக் காலத்தில் அதற்கு ஆஸ்பெஸ்டாஸ். டிரம்மைப் புல்டோசரில் பொருத்திய நீளமான இரும்புக் கையின் நுனியில் கட்டி, தண்ணீர் பீச்சியபடியே மெல்லக் கொண்டுபோய்க் கிணற்று வாயருகே நிறுத்துவார்கள். ஓட்டியவரும் கூட வந்தவர்களும் இறங்கி ஓடிப் பள்ளத்தில் படுக்க வேண்டும். 1962 ஏப்ரல் 28 அன்று அடேரும் அவருடைய ஆட்களும் செய்தது இதைத்தான். ஐந்தரை மாதம் எரிந்த தீ ஒரே வெடியில் போனது.

போனது தீதான், வாயு அப்படியே வந்துகொண்டிருக்கிறது. என் பார்வையில் உண்மையான த்ரில்லர் இங்கேதான் தொடங்குகிறது, எந்தப் படமும் இதைச் சரியாகக் காட்டி நான் பார்த்ததில்லை. எரியும்போதாவது எதற்குப் பயப்பட வேண்டும் என்று கண்ணுக்குத் தெரிந்தது. இப்போது எரியாத வாயு காதைச் செவிடாக்கும் இரைச்சலோடு நான்கு பக்கமும் பரவுகிறது. அதன் நடுவில் நின்று உடைந்த குழாயின் மேல் டன் கணக்கில் எடையுள்ள புது வால்வை இறக்கி, போல்ட் போட்டு முடுக்க வேண்டும். இரும்பும் இரும்பும் உரசக் கூடாது. அதனால் வெண்கலத்தில் செய்த சுத்தியலும் ஸ்பேனரும் வைத்திருப்பார்கள், தட்டினால் பொறி பறக்காது. வால்வைப் பூட்டிய பிறகு கனமான சேற்றுக் குழம்பை உள்ளே செலுத்திக் கிணற்றை அமுக்கினால்தான் வேலை முடிந்ததாக அர்த்தம்.

இங்கே ஒரு நிமிடம் நின்று பார்த்தால்: குளிர்வித்தல், வெடித்தல், மூடுதல் என்ற மூன்றில் வெடி நடுவில் வரும் ஒரு நொடிச் சமாச்சாரம் மட்டுமே.

சில சமயம் வேண்டுமென்றே எரியவிடுவார்கள்

புதிதாகக் கேட்பவர்களுக்கு இது விசித்திரமாக இருக்கும். தீயை உடனே அணைப்பது எப்போதும் நல்லதல்ல. சில கிணறுகளின் வாயுவில் ஹைட்ரஜன் சல்பைடு கலந்திருக்கும். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் விஷவாயு. அளவு அதிகமானால் நாற்றத்தை உணரும் சக்தியே மரத்துப்போய், சில மூச்சில் ஆள் சாய்ந்துவிடுவார். எரிந்துகொண்டிருக்கும் வரை அந்த விஷம் எரிந்து கந்தக டைஆக்சைடாக உயரே போய்விடும். அதுவும் நல்ல காற்று இல்லைதான், ஆனாலும் தரையோடு தவழ்ந்து வரும் ஹைட்ரஜன் சல்பைடுக்கு அது தேவலை. அதனால் மூடுவதற்கான வால்வு, ஆட்கள் எல்லாம் தயாராகும் வரை எரியட்டும் என்று விட்டுவிடுவார்கள். எரிய எரியவே வால்வை இறக்கி மூடுவதும் உண்டு.

குவைத்தில் வெடி எவ்வளவு பயன்பட்டது?

1991 வளைகுடாப் போரில் பின்வாங்கிய இராக் படை குவைத்தின் 600க்கும் மேற்பட்ட கிணறுகளுக்குத் தீ வைத்தது. ஆண்டுக்கணக்கில் எரியும் என்று பலர் பயந்தார்கள். பல நாட்டுக் குழுக்கள் வந்தன, 76 வயதை எட்டிய ரெட் அடேரும் களத்தில் இருந்தார். 1991 நவம்பர் 6 அன்று கடைசிக் கிணற்றையும் அணைத்தாகிவிட்டது.

அங்கே பெரும்பாலான தீயை அணைத்தது வெடி இல்லை, தண்ணீர். எண்ணெயைக் கடலுக்குக் கொண்டுபோகப் போட்டிருந்த குழாய்களிலேயே கடல்நீரைத் திருப்பி விட்டார்கள். வலுவான தண்ணீர்த் தாரை சுடரின் அடியைத் தாக்கிக் குளிரவைத்து எரிபொருளிலிருந்து பிரித்தது. ஹங்கேரிக் குழு ஒன்று இன்னும் ஒரு படி மேலே போனது. பழைய டி-34 டாங்கி ஒன்றின் மேற்பகுதியைக் கழற்றிவிட்டு, அங்கே இரண்டு மிக்-21 போர்விமான இன்ஜின்களைப் பூட்டி, அவற்றின் சூறைக்காற்றில் தண்ணீரைக் கலந்து அடித்தார்கள். பார்க்கக் கோமாளித்தனமாக இருந்தாலும் கொள்கை அதேதான்: வேகமாக ஊதிச் சுடரைப் பிய்த்து எறிவது. வெடி ஒரு நொடி ஊதும், இது நிறுத்தும்வரை ஊதும். வெடிமருந்து பக்கத்தில் போக வேண்டியதில்லை என்பது கூடுதல் லாபம்.

அணுகுண்டு வைத்தது வேறு கதை

இதைப் பேசும் இடத்தில் யாராவது ஒருவர், "சோவியத்காரன் அணுகுண்டே வைத்து அணைத்தான்" என்பார். உண்மைதான், ஆனால் அது நாம் பார்த்த முறை இல்லை. உஸ்பெகிஸ்தானின் உர்த்தபுலாக்கில் 1963 டிசம்பரிலிருந்து ஓர் எரிவாயுக் கிணறு எரிந்துகொண்டிருந்தது. கிட்டத்தட்ட மூன்று ஆண்டு எல்லா முயற்சியும் தோற்றது. கடைசியில் பக்கவாட்டில் சாய்வாக இன்னொரு துளை போட்டு, சுமார் ஒன்றரை கிலோமீட்டர் ஆழத்தில், எரியும் கிணற்றின் அருகே 30 கிலோடன் அணுகுண்டை இறக்கி 1966 செப்டம்பர் 30ல் வெடித்தார்கள். அரை நிமிடத்துக்குள் மேலே சுடர் அடங்கிவிட்டது.

இங்கே சுடரை யாரும் ஊதவில்லை. வெடித்த அழுத்தத்தில் பாறை பக்கவாட்டில் நகர்ந்து கிணற்றுக் குழாயை நசுக்கி அடைத்துவிட்டது, வாயு வருவதே நின்றுபோனது. அடேரின் டிரம் தீயை மட்டும் அணைத்துவிட்டுக் கிணற்றைத் திறந்தே விட்டது. இதுவோ கிணற்றை அடைத்துவிட்டது, தீ தானாக அணைந்தது. அதனால்தான் உர்த்தபுலாக்கில் பிறகு யாரும் வெண்கலச் சுத்தியலோடு கிணற்று வாயில் போய் நிற்க வேண்டியிருக்கவில்லை.